மேடையாக நின்ற லாரி

குணசேகரனின் திறந்த லாரி காரைக்கால்மேட்டிலிருந்து கேரளாவுக்கு மீன் ஏற்றிப் போகும். பாட்டென்றால் அவருக்கு, வண்டி ஓட்டும்போது கண் அசந்துவிடாமல் இருக்கப் போட்டுக்கொள்வது. அவ்வளவுதான்.

பிரான்சில் சாக்சபோன் படித்துத் திரும்பிய இளவேனில், தன் ஊரான காரைக்கால்மேட்டுக் கடற்கரையில் ஜாஸ் விழா நடத்தினாள். டிக்கெட் கிடையாது, யாரும் வரலாம். முதல் வருஷம், விழாவன்று காலையில் பெய்த மழையில் மேடை சரிந்துவிட்டது. வெறும் லாரியோடு வந்த குணசேகரனைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"அண்ணே, சாயங்காலம் வண்டிய குடுங்களேன். மேல ஏறி வாசிச்சுக்கிறோம்."

"மீன் கவுச்சி அடிக்குமேம்மா!"

"அடிக்கட்டும்ண்ணே."

லாரியைக் கழுவி, பக்கப் பலகைகளை இறக்கி, கடலோரம் நிறுத்தினார். வண்டி நகர்ந்துவிடுமோ என்ற பயத்தில் டிரைவர் சீட்டைவிட்டு இறங்கவில்லை. ஆளுயர பாஸ் வாத்தியத்தின் அதிர்வு இரும்பு வழியாக வந்து அவர் முதுகில் ஊர்ந்தது. கண்ணாடிக்கு வெளியே கடல் மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாகியது. வண்டி நின்ற இடத்திலேயே எங்கோ போய்க்கொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றியது.

அன்று கேட்க வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அடுத்தடுத்த வருஷங்களில் திருமலைராயன்பட்டினத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். புதுச்சேரியிலிருந்து பஸ் வந்தது. ஒவ்வொரு தையிலும் குணசேகரனின் லாரிதான் மேடை. அவர் மனைவி அமிர்தம் மணலில் உட்கார்ந்து கேட்பாள். அவர் சீட்டில் கண்மூடிக் கிடப்பார்.

போன வருஷம் இளவேனில் வீட்டுக்கே வந்தாள்.

"கூட்டம் தாங்கலண்ணே. பெரிய மேடை போடுறோம். வண்டி வேணாம், நீங்க வாங்க."

சிரித்து அனுப்பினார். ஆனால் விழாவன்று கோழிக்கோட்டுக்கு லோடு ஒத்துக்கொண்டார். அன்று காலையில் அமிர்தம் லாரிச் சாவியை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள்.

"எத்தன வருஷம் முதுக காட்டிக்கிட்டே கேட்டீங்க! இன்னிக்காவது எதிர வந்து உக்காருங்க."

லோடு வேறொரு வண்டிக்குப் போனது. இருவரும் மணலில் உட்கார்ந்தார்கள். பாஸ் வாசித்தவன் கண்மூடித் தலையாட்ட, அவன் முடிக்கும்வரை இளவேனில் காத்திருந்து ஊதத் தொடங்கினாள். ஒருவருக்கொருவர் இப்படி வழிவிடுவார்கள் என்று குணசேகரனுக்கு அதுவரை தெரியாது. ஈரக்காற்றில் சாக்சபோன் ஒலி அலைமேல் போய்த் திரும்பி வந்தது. பக்கத்தில் வலைக்காரர் ஒருவர் தன் பெண்டாட்டியோடு கூச்சமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தார்.

"நாமளும் ஆடலாமா?" என்று குணசேகரன் கேட்டார்.

"ஐயே, போங்க" என்றாள் அமிர்தம். ஆனாலும் எழுந்து, சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.