கழுத்திலிருந்து வந்த வயர்

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை பார்த்த என் கணவர், ஒருநாள் கேட்டருகே மயங்கி விழுந்தார். நாடித்துடிப்பு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. சென்னை ஆஸ்பத்திரியில் கழுத்து ரத்தக்குழாய் வழியாக இதயம்வரை மெல்லிய வயரை விட்டு, மறுமுனையைக் கட்டிலில் தொங்கிய சிறு பெட்டியில் மாட்டினார்கள். கொஞ்ச நேரத்திலேயே முகம் தெளிந்தது. "பசிக்குதுமே" என்றார். அந்தப் பெட்டியைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு.

மார்பில், தோலுக்கடியில் இதயத்தைத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் கருவியை நிரந்தரமாக வைக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. நான் கட்டிலில் தொங்கிய பெட்டியைக் காட்டினேன்.

"இதுவே நல்லாத்தானே ஓடுது? வெளியவே இருந்துக்கினு போவட்டுமே. எதுக்கு அறுத்து உள்ள வெக்கணும்?"

"வயர் நுழையற எடம் தொறந்தே இருக்கும்மா. நாளாக ஆக, கிருமி அது வழியா ரத்தத்துல கலந்துடும். உள்ள வெச்சுத் தெச்சுட்டா அந்த ஆபத்து ரொம்பக் குறைவு. ஆனா அதுல சீழ் புடிச்சா மருந்து மட்டும் பத்தாது, மொத்தத்தையும் எடுக்க வேண்டி வரும்."

ஆபரேஷன் அன்று காலை அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. வயர் நுழைந்த இடம் சிவந்திருந்தது. ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். அந்த வயரை உருவிவிட்டு, கழுத்தின் மறுபக்கம் புதிது போட்டு, ஊசிமருந்து ஏற்றினார்கள். அவர் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதே எனக்கு வேலையானது. காய்ச்சல் விட்டு, ரத்தத்தில் கிருமி இல்லையென்று தெரிந்த பிறகே உள்ளே வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஆர்.கே.பேட்டையிலிருந்து அவருடைய அக்கா வந்தார். தம்பியின் தையலைப் பார்த்துக் கண்கலங்கியவர், பையிலிருந்து மஞ்சளும் வேப்பிலையும் சேர்த்து அரைத்த விழுதை எடுத்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"வாணாம் அண்ணி. அதுமேல எதுவும் படக்கூடாது."

"இன்னா, நான் இன்னா விஷமா வெக்கப்போறேன்?"

"ஆசையாத்தான் எடுத்துக்கினு வந்திருக்கீங்க. ஆனா காய்ச்சல்ல அவரு நடுங்குனத நீங்க பாக்கல."

அண்ணி தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு விழுதை மூடிவைத்துவிட்டு, "சரி, சோறாவது நான் ஆக்குறேன்" என்று அடுப்படிக்குப் போனார்.

தையல் ஆறியதைக் காட்டப் போனபோது டாக்டரம்மா சிரித்தார். "செவப்பும் இல்ல, வீக்கமும் இல்ல. வேலைக்குப் போகலாம்." மின்சார உலைப்பக்கம் போனால் கருவிக்கு ஆகாது, லாரிகளை எடைபோடும் எடைமேடையில் இருக்கட்டும் என்று கம்பெனியிலும் சொல்லியிருந்தார்கள்.

திரும்பும் வழியில், ரயில் நிலைய மேம்பாலத்தில் அவர் எனக்கு முன்னால் ஏறினார்.

"இன்னாமே, ஆடி அசைஞ்சு வர? வண்டி வந்துக்கினு கீது!"

மூச்சு வாங்கியது எனக்குத்தான்.