லுங்கியில் சுற்றிய துப்பாக்கி

காலை ஏழரைக்குப் புதுச்சேரியில் மரக்காணம் பேருந்து ஏறினேன். முப்பத்தைந்து கிலோமீட்டர்; உப்பளம் பார்க்கக் குடையோடு போகிறவனுக்கு ஜன்னலோரம் கிடைத்ததே பாக்கியம். பக்கத்தில் முருகையன், மரக்காணத்துக் கடலோரக் குப்பத்து மீனவர். கால்களுக்கிடையே, லுங்கியில் சுற்றிய நீண்ட இரும்பு.

“போட்டு இன்ஜின் ஷாஃப்ட்டுங்க. நேத்து வலையப் போட்டதும் பழசு புட்டுக்கிச்சு, பாண்டியில புதுசு வாங்கியாறேன். வேற போட்டுலதான் கயிறு கட்டி இழுத்தாந்தாங்க. வலை இன்னும் கடல்லயே கெடக்குது. காத்து ஏறுறதுக்குள்ள போவணும், இல்லன்னா வலை போயிடும்.”

முன் இருக்கையில் இஸ்திரி கலையாத சட்டைக்காரர் ஒருவர். திரும்பினார், கைப்பேசியில் எங்களைப் படமெடுத்தார், போனில் யாரிடமோ கிசுகிசுத்தார்: “அப்படியே மெஷின் கன் மாதிரியே இருக்குது!”

எட்டு மணிக்கு வழியில் சோதனைச் சாவடி. புதுச்சேரிப் பேருந்தில் வழக்கமாக மதுப் பாட்டிலைத்தான் தேடுவார்கள். அன்று காவலர் நேராக முருகையனிடம் வந்தார். லுங்கி அவிழ்ந்தது. கிரீஸ் பூசிய ஷாஃப்ட்.

“ஷாஃப்ட்டுதான், தெரியுதுப்பா. ஆனா துப்பாக்கி மாதிரின்னு தகவல் வந்துட்டுது. ஐயா வந்து பாக்கட்டும்.”

நடத்துநருக்கே தாங்கவில்லை. “சார், இதுக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டிருக்கேன். துப்பாக்கின்னா போடுவேனா?”

எனக்கு ரத்தம் கொதித்தது. “மாதிரின்னா என்னங்க? என் குடைகூடத் துப்பாக்கி மாதிரிதான். நாதஸ்வரம் பீரங்கி மாதிரி. கல்யாண மண்டபத்தச் சுத்தி வளைப்பீங்களா?”

பேருந்தே சிரித்தது. காவலர் சிரிக்கவில்லை. “சார், குடையோட நீங்களும் எறங்குங்க.”

என் சொற்பொழிவால் சந்தேக நபர்கள் இருவரானதுதான் மிச்சம். பேருந்து போய்விட்டது. ஐயா பத்தே முக்காலுக்கு வந்தார், ஒரு பார்வை பார்த்தார். “ஷாஃப்ட்டு. போங்க.”

அடுத்த பேருந்தில் மரக்காணம். இருபுறமும் உப்பளம், வரப்புகளில் நீளக் கழியோடு உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். சட்டைக்காரர் கண்ணுக்கு அது ஒரு படைப்பிரிவாகத் தெரிந்திருக்கும்.

கரையில் முருகையனின் மச்சான் கத்தினார்: “காத்து ஏறிட்டுது மாமா, எங்க போயிட்ட?”

“சுட்டுட்டு வரேன் வா” என்றார் முருகையன்.

ஷாஃப்டை மாட்டிக்கொண்டு போனார்கள். மூன்றரைக்குத் திரும்பியபோது படகில் பாதி வலைதான் இருந்தது, அதுவும் கந்தல். மீதியைக் கடல் இழுத்துக்கொண்டது. முருகையன் அதைக் கரையில் விரித்தார்; நான் படமெடுத்துக்கொண்டேன்.

திரும்பும் பேருந்தில் மனைவி எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் வந்த படத்தை அனுப்பியிருந்தாள்: ‘துப்பாக்கி போன்ற பொருளுடன் இருவர்!’ கீழே அவள் கேள்வி: “குடையோட இருக்கிறது நீங்கதானே?”

நான் எடுத்திருந்த வலையின் படத்தை அதே குழுவில் போட்டேன். ‘அந்த ஷாஃப்ட்டுக்காகக் காத்திருந்த வலை’ என்று கீழே எழுதினேன். கிழிந்த வலை, கிழிந்த வலை மாதிரியே இருந்தது.