தளபதிக்கு ஒரு முழுக்கைச் சட்டை

ஐம்பத்திரண்டு வயதில், சர்க்கரையும் முட்டிவலியும் உள்ள ஒரு செம்பனைத் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, ஜப்பானிய சண்டைக் கார்ட்டூனில் வரும் பெண் தளபதியாக வேடம் கட்டி சிரம்பான் பேரங்காடி மேடையில் நிற்கப் போகிறாள் என்றால், வீட்டில் யாராவது தடுத்திருக்க வேண்டும். தடுக்கக்கூடிய ஒரே ஆள் என் மகள். அவள்தான் கூப்பிட்டதே.

கார்ட்டூன் என்று எழுதியதற்கே முறைப்பாள். அனிமே. அதில் வரும் பாத்திரங்களைப் போல வேடமிடும் போட்டியில், ஜோடிப் பிரிவில், கல்லூரித் தோழியோடு பெயர் கொடுத்திருந்தாள். தளபதியாக வரவேண்டிய தோழியின் உடையை அந்தப் பெண்ணின் தாயார் ஒரு வாரத்துக்கு முன்னால் பார்த்துவிட்டார். அன்றோடு தோழி அவுட். ஆள் கிடைக்காவிட்டால் மகளின் பெயரும் போய்விடும். மூன்று மாதமாக ஸ்பாஞ்சை வெட்டி, சூடு காட்டி, வெள்ளிச் சாயம் அடித்துச் செய்த கவசங்கள் எங்கள் சாப்பாட்டு மேசையில் குவிந்து கிடந்தன.

"நீங்கதானம்மா தளபதிக்கு பெரிய ஃபேனு. நீங்களே வாங்க லா."

மறுக்க முடியவில்லை. ருஷ்ய நாவல்களைத் தடிமன் வாரியாக அடுக்கி வைத்திருப்பவள் நான். வேலை விட்டு வந்து காலை நீட்டிப் பார்ப்பது என்னவோ இதைத்தான். அந்தத் தளபதி இருபது வருடம் போர் பார்த்தவள். ராஜாவையே நிற்க வைத்துக் கேள்வி கேட்பாள். எனக்கு அவள் மேல் உயிர்.

அவளை வரைந்தவர் மேல்தான் கோபம். தோளுக்கு இரும்பு, முழங்காலுக்கு இரும்பு, நடுவில் உள்ளதெல்லாம் ஆண்டவன் பொறுப்பு. நெஞ்சுக்கவசத்தில் காற்றோட்டத்துக்கு ஒரு ஜன்னல் வேறு. அவள் வாளை உருவினால் கேமரா பாதத்தில் கிளம்பி, தொடையில் இளைப்பாறி, இடுப்பில் சாப்பாட்டுக்கு இறங்கி, வாளுக்கு வந்து சேர்வதற்குள் எதிரிக்கு வயதாகிவிடும். ஆண்கள் அடிபட்டால் ரத்தம் வருகிறது. அவள் அடிபட்டால் துணி கிழிகிறது. முந்நூறு பேரை வெட்டியவள், ஒருவன் கையைப் பிடித்தால் காது வரை சிவந்து தடுக்கி விழுகிறாள். அவளுக்கென்று ஓர் ஆசை வந்துவிடக் கூடாது. பார்க்கிறவனுக்கு மட்டும் வரலாம்.

நான் துறவி இல்லை. கதாநாயகன் சட்டையைக் கழற்றும் காட்சியைத் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறேன், கணக்கு கேட்காதீர்கள். ஆனாலும் அவனுக்கு எலும்புகள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. அந்த உடம்பால் வாள் தூக்க முடியும். அவளுக்கு வரைந்து கொடுத்த உடம்பால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரக்கூட முடியாது.

அளவெடுக்க வசதியாக அவள் படத்தை ஆபீஸ் மேசையில் வைத்திருந்தேன். ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டு முடிந்து, அன்றைய ஆள் கணக்கைக் கொடுக்க வந்தார் களைக்கு மருந்தடிக்கும் பெண்களை வேலை வாங்கும் மண்டோர். அவரும் பெண்தான், என்னைவிட நான்கு வயது மூத்தவர்.

"என்னா கிராணிம்மா, இந்தப் பொம்பள குளிக்கப் போவுதா, சண்டைக்குப் போவுதா?"

"சண்டைக்குத்தான்க்கா."

"வயித்தத் தொறந்து போட்டுக்கிட்டா? செம்பனை முள்ளு ஒன்னு குத்துனா தெரியும். இதுக்கு மண்டோரு யாரு? மொதல்ல அந்தாள மாத்தச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு வெளியே போனார். ஜன்னல் வழியே பார்த்தேன். புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை, ரப்பர் பூட்ஸ், கண்ணை மட்டும் விட்டு முகத்தைச் சுற்றிய துண்டு, முதுகில் மருந்துத் தொட்டி. அப்படிப் பன்னிரண்டு பேர். இருபது வருடமாக என் ஜன்னலுக்கு வெளியே ஒரு படை அணிவகுத்துப் போயிருக்கிறது. படித்த மேதை நான் அதை வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். துண்டுக்குள்ளிருந்து அவர்கள் பேசும் பச்சைப் பேச்சைக் கேட்டால், அந்த ஜப்பான்காரர் பென்சிலைக் கீழே போட்டுவிடுவார். தலையிலிருந்து கால்வரை மூடியவர்களுக்கும் ஆசை உண்டு. அது அவர்களுடையது.

முடிவு செய்துவிட்டேன். தளபதிக்கு முழுக்கைச் சட்டை. முகத்துக்கு ஒரு துண்டு. பூட்ஸ் மண்டோரிடம் இரவல்.

மகள் தலையில் கை வைத்தாள். "அம்மா, படத்துல உள்ள மாதிரியே இருக்கணும். அதுக்குத்தான் பாதி மார்க்கு."

"அந்தப் படத்துல என் கிட்னிய எங்கடி வைக்கிறது?"

"ஐயோ, தோத்துருவோம்மா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவேனா? அவளுடைய வில்வீராங்கனை உடையும் இடுப்பில் பஞ்சம் பிடித்ததுதான். "நீயும் ஒரு சட்டையப் போட்டுக்கயேன்" என்றேன்.

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "வரைஞ்சவன் எனக்காக வரையல, தெரியும். ஆனா எனக்குப் புடிச்சிருக்கு, நான் போடுறேன். இது என் உடம்பு. நீங்க மூடணும்னா மூடிக்குங்க, மார்க்கு போனா போவட்டும். எனக்குப் போத்தி விட வராதீங்க."

வரைந்தவரோடு மனதுக்குள் மூன்று வருடம் வாதாடி ஜெயித்தவள், மகளிடம் அரை நிமிடத்தில் தோற்றேன். தோழியின் தாயாருக்கும் எனக்கும் ஒரு சட்டைத் தூரம்தான் இருந்தது.

போட்டியன்று நடுவர் காதில் கடுக்கன் போட்ட ஓர் இளைஞர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆன்ட்டி, கேரக்டரு இப்படி இல்லையே. இடுப்பு தெரியணுமே."

"யாருக்குத் தெரியணும்?"

"ஒரிஜினல்ல அப்படித்தான் ஆன்ட்டி."

"ஒரிஜினல வரைஞ்சவரு மருந்தடிக்கப் போனதில்ல தம்பி."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். "சரி லா, போஸாச்சும் ஒழுங்கா குடுங்க. அதுக்குத் தனி மார்க்கு இருக்கு."

அந்தப் போஸ் ரசிகர்கள் எல்லாருக்கும் தெரியும். நெஞ்சு கிழக்கே, இடுப்பு மேற்கே, முகம் கேமராவுக்கு. மூன்றும் ஒரே நேரத்தில். மகள் தன் முறைக்கு அதை அலட்டாமல் செய்தாள். கேமரா தன்னிடம் அனுமதி கேட்டு நிற்பதைப் போல அதைக் குனிந்து பார்த்தாள். மேடை என்பதையும் மறந்து கைதட்டினேன்.

அடுத்தது நான். மிச்சமிருந்தது அந்த மார்க் மட்டும்தான். மூன்று மாத உழைப்பு என் முதுகெலும்பில் தொங்கியது. மகளைப் பார்த்தேன். போஸ் கலையாமல், வாயோரத்தில் சொன்னாள்: "முதுகு புடிச்சுக்கும். உங்க இஷ்டத்துக்கு நில்லுங்கம்மா."

மருந்துத் தொட்டி காலியானதும் மண்டோர் அக்கா நிற்பதைப் போல நின்றேன். காலை அகட்டி, வாளைத் தரையில் ஊன்றி, முகத்துண்டைத் தாடைக்கு இறக்கி, இடுப்பில் தொங்கிய தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அவசரப்படவில்லை. நடுவர் காத்திருந்தார். கேமராக்கள் வழக்கம்போல கீழேயிருந்து கிளம்பின. அங்கே அவற்றுக்கு ரப்பர் பூட்ஸ்தான் கிடைத்தது.

பரிசு இல்லை. படத்தோடு ஒற்றுமை என்ற கட்டத்தில் எனக்குப் பெரிய பூஜ்யம்.

திங்கட்கிழமை பூட்ஸைத் திரும்ப வாங்க வந்த மண்டோரிடம் எங்கள் ஜோடிப் படத்தைக் காட்டினேன். போனைக் கண்ணுக்கருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"பாப்பா ஜோரா இருக்கு" என்றார். "நீங்க நாளைக்குப் பெரட்டுக்கு வந்துருங்க கிராணிம்மா. எனக்கு ஒரு ஆளு கொறையுது."