இஸிடோர் செல்லையாவின் இரண்டாம் வாசிப்பு

போயா விடுமுறையன்று மாத்தளைக் கடைத்தெருவில் பாதிக்கு மேற்பட்ட கடைகள் பூட்டியிருக்கும். முழுநிலாதோறும் வருகிற அந்த ஓய்வு நாளில் நுஹ்மானும் தமது மிளகு, கராம்புக் கடையைப் பூட்டிவிட்டு, துணிப்பையொன்றில் இரண்டு மூன்று இசைத்தட்டுகளை மறைத்துக்கொண்டு ஜெயரட்ணத்தின் வீட்டுப் படியேறுவார். போயா வெள்ளிக்கிழமையில் விழுந்தால் ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு வருவார், வராமல் இருந்ததில்லை. வாசலில் நின்று அவர் முதலில் விசாரிப்பது சுகத்தை அன்று.

"இன்னைக்கி யாருட மானத்தை வாங்கப் போறீங்க, தொரை?"

"மொதல்ல உள்ள வாங்க, முதலாளி. ஒங்க பைக்குள்ள இருக்கிறவருக்கு மானம் இருந்தாத்தானே வாங்கிறதுக்கு," என்பார் ஜெயரட்ணம்.

ஜெயரட்ணம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். நாவுலப் பக்கத்து வாய்க்கால்களிற் பலவற்றுக்கு அவர்தாம் முதன்முதலிற் கடதாசியில் கோடு கிழித்தவர். அவருடைய தகப்பனார் வடக்கிலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கென வந்து மாத்தளையிலேயே தங்கிவிட்டவர். முத்துமாரியம்மன் கோவில் நாதஸ்வரத்தைத் தவிர வேறொன்றையும் இசையென்று ஒப்புக்கொள்ளாதவர். அப்படிப்பட்டவரின் மகன் ஜாஸ் கேட்கத் தொடங்கியது உறவினர் எவருக்கும் விளங்கவில்லை. விளங்கவைக்க ஜெயரட்ணமும் முயன்றதில்லை. வாய்க்கால் வரைகிறவனுக்கு நீர் எந்த வழியாகப் போகவேண்டும் என்பது தெரியும். ஜாஸ் வாசிக்கிறவன் கரையைத் தொட்டுக்கொண்டே தன் வழியைத் தானே தேடிப் போகிறான். அந்த வேறுபாடுதான் தம்மைப் பிடித்துக்கொண்டது என்று ஒரே ஒருமுறை மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

மனைவி சந்திரவதனா தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர். ஆரம்பத்தில் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு நாள் வெறும் தட்டை ஏந்தியபடி நின்று, "இந்த ட்ரம் அடிக்கிறவருக்கு எங்கயாச்சும் அவசரமாப் போகணுமாங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்த உலகப் புகழ்பெற்ற கலைஞருக்கு அந்த வீட்டில் 'கண்டி பஸ்' என்று பெயர். சந்திரவதனாவுக்கும் ஒரு நாற்காலி போடப்பட்டது.

இப்படி எல்லாருக்கும் பட்டப்பெயர்கள் இருந்தன. எதை ஊதினாலும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டுகிற ட்ரம்பெட்காரர் 'மந்திரி'. ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு நெடுநேரம் கையைக் கட்டிக்கொண்டிருக்கும் பியானோக்காரருக்கு நுஹ்மான் வைத்த பெயர் 'நோன்பாளி'. மந்திரியை நுஹ்மான் தலைமேல் வைத்துக் கொண்டாடுவார். ஜெயரட்ணமோ, மந்திரிக்குப் பின்னால் பெயரில்லாமல் நின்று பேஸ் வாசித்தவர்தான் அந்த இசைத்தட்டின் உயிர் என்பார். சாயங்காலம் வரையில் சண்டை நடக்கும்.

சண்டைக்கு ஒரு சட்டமும் இருந்தது. இசைத்தட்டின் உறையைப் பத்திரிகைத் தாளால் சுற்றி மூடிவிட வேண்டும். மூவரும் அபிப்பிராயம் சொல்லி முடியும்வரை வாசித்தவரின் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்ன அபிப்பிராயத்தை மீளப் பெறவும் கூடாது. பெயரைக் கேட்டுத் தலையாட்டுவதற்குக் காது எதற்கு என்று வாதாடி இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஜெயரட்ணம்தாம்.

இந்தச் சட்டத்துக்கு உட்படாத கலைஞர் ஒருவர் இருந்தார். அவர் இஸிடோர் செல்லையா. உக்குவளைக்கு அருகே ஒரு றப்பர்த் தொழிற்சாலையிற் பண்டகசாலைக் கிளாக்கராக இருந்தவர். மாலை வேளைகளில் தோட்டத் துரைமாரின் கிளப்பில் சாக்ஸபோன் வாசித்தவர். பத்திரிகையில் அவர் பெயர் வந்ததில்லை, வானொலியில் ஒலித்ததில்லை. இறந்தபோது சாவீட்டுக்கு வந்தவர்களிற் பாதிப் பேருக்கு அவர் வாசிப்பார் என்பதே தெரியாது. ஜெயரட்ணம் இளைஞராக இருந்த காலத்தில், கந்தோர் நண்பர் ஒருவரிடம் சுருள்நாடாப் பதிவுக் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு போய், அந்தக் கிளப்பின் மேசையொன்றின் கீழ் வைத்தார். அன்று இஸிடோர் ஒரே மெட்டை இருமுறை வாசித்தார். முதலாவது, ஆட்கள் வருமுன் வெறும் நாற்காலிகளுக்கு; இரண்டாவது, கடைசியில், வந்திருந்தவர்களுக்கு.

இரண்டாம் வாசிப்பின் நடுவில் கிளப்புக்குப் பின்னால் மாத்தளை ரயில் கடந்து போகிறது. இஸிடோர் நிறுத்தவில்லை. ரயிலின் தாளத்துக்குள் மெல்ல இறங்கி, அதனோடு சற்றுத் தூரம் போய், அதை அனுப்பிவிட்டு, தனியாக ஒரு நீண்ட ஸ்வரத்தைப் பிடித்து நிற்கிறார். அந்த ஸ்வரத்துக்கு ஈடாக எந்த நாட்டு இசைத்தட்டிலும் தாம் ஒன்றைக் கேட்டதில்லை என்பது ஜெயரட்ணத்தின் கட்சி. அது ரயில்வே திணைக்களத்தின் கெட்டித்தனம் என்பதும், அந்த நீண்ட ஸ்வரம் சுருதியிலிருந்து சற்று இறங்கியே நிற்கிறது என்பதும் நுஹ்மானின் கட்சி. நாடாவைப் பின்னுக்குச் சுற்றிச் சுற்றி அந்த இடத்தைப் போட்டுக் காட்டுவார் ஜெயரட்ணம். நுஹ்மான் மசியமாட்டார்.

சென்ற ஆண்டு கொழும்பிலிருந்து நிருஜன் என்றோர் இளைஞர் வந்தார். மறக்கப்பட்ட உள்நாட்டு ஒலிப்பதிவுகளைத் தேடியெடுத்து இசைத்தட்டாக வெளியிடுகிறவர். இஸிடோரின் நாடாக்களைக் கேட்டுவிட்டு, இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு, வெளியிடுகிறேன் என்றார். தட்டில் இடம் போதாது. அந்த மெட்டின் இரு வாசிப்புகளில் ஒன்றைத்தான் சேர்க்க முடியும். எதைச் சேர்ப்பது என்பதை, அன்று அங்கே இருந்தவர் என்ற முறையில் ஜெயரட்ணமே தீர்மானிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஜெயரட்ணம் சிரித்தார். அதிலே தீர்மானிப்பதற்கு என்ன இருக்கிறது? இருந்தாலும், சுத்தம் செய்த பிரதி வந்ததும் இரண்டையும் ஒழுங்காகக் கேட்டு, முறைப்படி சொல்வதாக வாக்களித்தார். செத்துப்போன ஒரு மனிதர் முதன்முறையாக உலகத்தின் முன் நிற்கப் போகிறார். அலட்சியமாகச் சொல்லிவிடக் கூடாது.

அதற்குப் பிறகுதான் மாசி மகத் தேர் வந்தது. சுவாமியோடு நடந்து போகையில், நாதஸ்வரக்காரருக்கு இந்த வருடம் சுருதி பிடிபடவில்லை என்று ஜெயரட்ணம் முகம் சுளித்தார். நன்றாகத்தானே வாசிக்கிறார் என்றார் சந்திரவதனா. சில நாட்களில் கோவில் மணி இரண்டு மணிகளாகக் கேட்டது. ஒன்றை ஒட்டி இன்னொன்று, சற்றே தாழ்ந்து. சளித் தடிமனாக இருக்கும் என்று ஆவி பிடித்தார்.

அடுத்த போயாவுக்கு நுஹ்மான் பையில்லாமல் வந்தார். கைபேசியைப் பத்திரிகைத் தாளுக்கு அடியில் வைத்து ஸ்பீக்கரோடு இணைத்தார். கண்களில் ஒரு குறும்பு இருந்தது; அதைச் சந்திரவதனா கவனித்தார், ஜெயரட்ணம் கவனிக்கவில்லை. நிருஜன் சுத்தம் செய்த பிரதியை நுஹ்மானுக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்தார். நண்பரை வியக்கவைக்க நுஹ்மான் செய்த ஏற்பாடு அது.

சாக்ஸபோன் ஒலித்தது. ஜெயரட்ணத்தின் இடக்காதில் ஒரு ஸ்வரம் விழ, வலக்காதில் அதற்குப் பொருந்தாத வேறொரு ஸ்வரம் விழுந்தது. அவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியிற் சாய்ந்து, வழக்கமான அதிகாரத்தோடு தீர்ப்புச் சொன்னார்.

"யாரு இவரு? ஹோட்டல்ல சாப்பாட்டு நேரத்துக்கு ஊதுறவரா? சுருதி ஒரு இடத்தில நிக்கமாட்டேங்குதே, எல்லாம் எறங்கி எறங்கிப் போகுது. இவரை மறந்தவங்க நல்ல காரியம்தான் செஞ்சிருக்காங்க."

நுஹ்மான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஸ்பீக்கரிலிருந்து ஒரு கனத்த அதிர்வு எழுந்து, தரை வழியாக ஜெயரட்ணத்தின் பாதங்களுக்கு வந்து சேர்ந்தது. தாழ்ந்த ஒலிகள் அவருக்கு இன்னும் ஒழுங்காகவே கேட்டன. மாத்தளை ரயில் கடந்து போய்க்கொண்டிருந்தது.

வாசிப்பு முடிந்தது. சட்டப்படி மற்ற இருவரும் அபிப்பிராயம் சொல்ல வேண்டும்.

"நீங்க சொன்னது சரிதான், தொரை," என்றார் நுஹ்மான். "யாரோ ஒருத்தர். பேரு மறந்துபோச்சு."

எந்த இசைத்தட்டில் யார் இரண்டாவது ட்ரம்பெட் என்று தூக்கத்திற் கேட்டாலும் சொல்லக்கூடியவர் நுஹ்மான். அவர் தாளை விலக்காமலேயே கைபேசியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சந்திரவதனா தேநீர்க் கோப்பைகளைச் சேகரித்தார். ஜெயரட்ணமும், ஒன்றும் அறியாதவர்போல, இந்த வருடம் மிளகு எப்படி என்று விசாரித்தார்.

கண்டியில் ஒரு காது வைத்தியர் நிதானமாக விளக்கினார். உட்செவி நரம்புகள் பழுதாகிவிட்டன, ஒரு காது கேட்கும் சுருதியில் மற்றக் காது கேட்பதில்லை, திருத்த முடியாது. கருவி போட்டால் பேச்சு தெளிவாகும், இசை தெளியாது. பிறகு, என்ன தொழில் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். ஓய்வுபெற்றுவிட்டேன் என்றார் ஜெயரட்ணம். அப்படியானால் பெரிய இடைஞ்சல் இல்லை என்று வைத்தியர் ஆறுதல் சொன்னார். ஜெயரட்ணம் காதுக்கருவியைப் போட்டுக்கொண்டு, மனைவியோடு ரயிலில் மாத்தளைக்குத் திரும்பினார். வழி நெடுகச் சந்திரவதனா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை.

போயாக்கள் தொடர்ந்தன. நுஹ்மான் ஒன்றையும் விடாமல் வந்தார். ட்ரம் மட்டும் ஒலிக்கும் தட்டுகளாகப் பார்த்துக் கொண்டுவந்தார். ஆனால் வாசலில் நின்று எவருடைய மானத்தையும் பற்றிக் கேட்பதில்லை, "எப்படி இரிக்கிறீங்க?" என்றார். ஒருமுறை ஜெயரட்ணம் வேண்டுமென்றே, மந்திரி வெறும் காற்றடைத்த பை, அவருக்கு ஊதவே தெரியாது என்று சொல்லிப் பார்த்தார். நுஹ்மானின் தாடை ஒரு கணம் இறுகியது. பிறகு, அப்படியும் சொல்லலாம்தான் என்று தலையாட்டினார். அன்று ஜெயரட்ணம் சோறு உண்ணவில்லை. காது போனதைவிட அந்தத் தலையாட்டல் அவரை அதிகம் வருத்தியது. இனித் தம்மோடு எவரும் சண்டை பிடிக்கமாட்டார்கள். நோயாளியைப் பார்க்க வருவதுபோல் வந்து போவார்கள்.

இதற்கிடையில் நிருஜன் இருமுறை தொலைபேசியில் அழைத்தார். தட்டு அச்சுக்குப் போகிறது. சாருடைய முடிவுக்காகத்தான் காத்திருக்கிறோம் என்றார். ஜெயரட்ணம் வாக்களித்தபடி இரண்டையும் கேட்டார். ஒரு காதைப் பொத்திக் கேட்டார். மற்றதைப் பொத்திக் கேட்டார். ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துக் கேட்டார். கேட்டதெல்லாம் முகம் கலைந்த ஓசை. அதில் இஸிடோர் இல்லை.

அடுத்த போயாவன்று, நுஹ்மான் வந்து அமர்ந்ததும், தட்டு எதையும் போட வேண்டாம் என்று கையமர்த்தினார்.

"முதலாளி, அன்னைக்கி நீங்க போட்டது இஸிடோர்னு எனக்குத் தெரியும். ரயில் கேட்டிச்சு."

நுஹ்மான் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"நிருஜன் தம்பி கேட்டுக்கிட்டே இருக்காரு. என்னால சொல்ல முடியல்ல. எந்த வாசிப்பைப் போடணும்? எனக்காகப் பாக்காதீங்க. தலையாட்டினா இனி இந்தப் பக்கம் வரவேணாம்."

நுஹ்மான் பையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். பேசத் தொடங்கியபோது, அவருடைய பழைய குரல் பாதிதான் திரும்பி வந்தது.

"மொதலாவதைத்தான் போடணும். ரெண்டாவதுல, ரயில் போன பொறகு நீட்டுறாரே, அது எறங்கித்தான் இரிக்கி. நான் எந்தக் காலத்திலயும் அதைத்தானே சொன்னேன். மொதலாவதுல ரயிலும் இல்ல, கைதட்டும் இல்ல. மனுஷன் தனியா நிக்கிறாரு. ஆளைக் காட்டுறதுன்னா அதைத்தான் காட்டணும், தொரை."

ஜெயரட்ணம் மனைவியின் பக்கம் திரும்பினார். சந்திரவதனா சேலைத் தலைப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அப்படித்தாங்க படுது," என்றார். "எப்பவுமே."

"ஏன் சொல்லல்ல?"

"நீங்கதான் அவ்வளவு நிச்சயமா இருந்தீங்களே."

இதற்கு மறுமொழி ஜெயரட்ணத்திடம் எப்போதும் ஆயத்தமாக இருந்தது. அந்த இடத்தை மறுபடி போட்டு, இதோ கேளுங்கள் என்பார், அதுதான் மறுமொழி. இப்போது போட்டுக் காட்டலாம். எதைக் காட்டுகிறோம் என்பது காட்டுகிறவருக்கே தெரியாது. அதைவிடக் கொடியதொரு நினைவும் இருந்தது. அன்று, பெயர் தெரியாமற் கேட்டபோது, எல்லாம் இறங்கிப் போகிறது என்று அவர் வாயே சொன்னது. அது பழுதான காது சொன்னதா? அல்லது இஸிடோரின்மேல் வைத்த அன்பு குறுக்கே நில்லாமல், வாழ்க்கையில் முதன்முறையாக ஒழுங்காகக் கேட்டுச் சொன்னதா? பிரித்தறிய அவரிடம் இனி ஒரு கருவியும் இல்லை.

நிருஜனை அழைத்து, முதலாம் வாசிப்பையே சேர்க்கும்படி சொன்னார். நிருஜன் வியப்பை மறைத்துக்கொண்டு, சாருக்குத் திருப்திதானா என்று கேட்டார். திருப்திதான் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார். ஒரு மனிதரின் பெயரில் ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. எடுத்தவர் தாம்தான் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"அதைப் போடுங்க," என்றார்.

நுஹ்மான் முதலாம் வாசிப்பை ஒலிக்கவிட்டார். ஜெயரட்ணம் கருவியைக் காதிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அது இல்லாதபோது ஓசை குறைவாகவே புண்படுத்தியது. சற்று நேரம் கழித்து நுஹ்மானின் பக்கம் சாய்ந்து, இப்போது இஸிடோர் எங்கே நிற்கிறார் என்று கேட்டார்.

நுஹ்மானுக்கு வர்ணிக்க வராது. கேலி செய்யத்தான் வரும். அவர் பெரிதும் முயன்று, நண்பரின் காதருகே குனிந்து உரக்கச் சொன்னார்.

"மேல போறாரு, தொரை. மெதுவா. இப்ப இன்னும் கொஞ்சம் மேல."

ஜெயரட்ணத்தின் நினைவில் அந்த இடம் இருந்தது. அங்கே இஸிடோர் மேலே போவதில்லை. படி படியாகக் கீழே இறங்கி வருகிறார். அல்லது அது இரண்டாம் வாசிப்பிலா? மனைவியைப் பார்த்தார். சந்திரவதனா கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த முகத்திலிருந்து மேலா, கீழா என்று படிக்க முடியவில்லை. 'இல்லை, கீழே' என்று சொல்ல அவருக்கு நாக்கு எழுந்தது.

"ம்," என்றார். "சொல்லுங்க."