வாஷியில் அப்பாவுக்கு இருந்த வீடு

அன்புள்ள உறவினர்களே, சபை மக்களே, அப்பாவை அறிந்த நண்பர்களே,

அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு ஆகிறது. இந்த மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்கள். தம்பிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. போதகர் ஐயா எனக்கு உதவியாக ஒரு வரி சொல்லித் தந்தார்கள். "'அதிகாலைதோறும் முழங்காலில் நின்ற ஜெபவீரர்'னு ஆரம்பிங்கம்மா, நல்லா இருக்கும்" என்றார்கள்.

நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நான் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கிளெய்ம் பிரிவில் வேலை பார்க்கிறவள். வருகிற ஒவ்வொரு விண்ணப்பத்தையும் 'இது உண்மையாக இருக்குமா?' என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நினைவு மலர்களையும் அந்தக் கண்ணோடுதான் படிப்பேன். அவற்றில் வருகிற அப்பாக்கள் எல்லாரும் விடியுமுன் எழுந்து முழங்காலில் நிற்கிறார்கள். எங்கள் அப்பா காலையில் முழங்காலில் நின்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நின்றிருந்தால் தம்பியின் பாயில்தான் நின்றிருக்க வேண்டும், வீட்டில் வேறு இடம் கிடையாது. ஆகவே பார்த்ததையும் என் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது திசையன்விளைக்குப் பக்கத்தில். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு பம்பாயில், தாராவியில் இருந்த பெரியப்பா வீட்டுக்கு வந்து, கொஞ்ச காலம் ஒரு தோல் பட்டறையில் கஷ்டப்பட்டார்கள். பிறகு மஸ்ஜித் ஸ்டேஷன் பக்கம் ஒரு லாரி ஆபீசில் புக்கிங் கிளார்க் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அதே ஆபீஸ்தான். அம்மாவைக் கைப்பிடித்த பிறகு செம்பூரில் ஒரு சாலில், அதாவது பொதுக் குழாயும் பொதுக் கழிப்பறையுமாக இருக்கும் வரிசைக் குடியிருப்பில், ஒற்றை அறைக்குக் குடிவந்தார்கள். நானும் தம்பியும் வளர்ந்தது அந்த அறையில்தான். அப்பா குரலை உயர்த்தி நாங்கள் கேட்டதில்லை. பொய் சொல்லியும் கேட்டதில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு மேல் ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டார்கள். அந்தக் குணம்தான் எங்களைப் படாதபாடு படுத்தியது.

எங்கள் வீட்டுக் காலை எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழாயில் தண்ணீர் வருவது கொஞ்ச நேரம்தான், அதைப் பிடிக்க வேண்டும். வெளியே கழிப்பறைக்கு வரிசை. அடுப்பில் இட்லி, பக்கத்தில் நாலு டிபன் டப்பா. இதற்கு நடுவே குடும்ப ஜெபம். அதை நடத்துவது அம்மா. கை வேலை செய்துகொண்டே இருக்கும், வாய் ஜெபித்துக்கொண்டே இருக்கும்.

"ஆண்டவரே, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம்... ஏல, தண்ணி வந்துட்டான்னு பாரு... இந்தப் பிள்ளைகள ஆசீர்வதியும்... இட்லிய எறக்கு புள்ள, வெந்துட்டு..."

ஆண்டவருக்கு எது, எங்களுக்கு எது என்று பிரித்துக் கேட்க நாங்கள் பழகியிருந்தோம். அப்பா கதவோரம் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டபடி கடைசியில் "ஆமென்" சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அம்மாவுக்கு அதிலேயே ஒரு குறை. ஜெபத்தில் பற்றில்லாத மனுஷன் என்று நினைத்திருந்தார்கள்.

நான் காலேஜில் சேர்ந்த வருஷம். பக்கத்து அறை அத்தை வாஷியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தார்கள். நைட் டியூட்டி முடிந்து வந்தவர்கள், வாசலில் நின்ற அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டார்கள்:

"மைனி, அண்ணன இன்னைக்கும் வாஷி ஸ்டேஷன்ல பாத்தேன். ஆபீஸ மாத்திட்டாவளா?"

'இன்னைக்கும்' என்ற அந்த 'உம்' அம்மாவைப் பிடித்துக்கொண்டது. செம்பூரில் ரயில் ஏறினால் மஸ்ஜித் ஒரு பக்கம், வாஷி நேர் எதிர்ப்பக்கம், கழிமுகப் பாலத்தைத் தாண்டி. ஆபீசுக்குப் போகிற மனுஷனுக்கு அங்கே என்ன வேலை?

அன்று சாயங்காலம் அம்மா நேராகவே கேட்டார்கள். "காலையில எங்க போறிய?"

"ஆபீசுக்கு."

"நேராவா?"

"ரயிலு என்னைக்கு நேரா போயிருக்கு?" என்று சிரித்துவிட்டு அப்பா சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். இல்லை என்று சொல்லியிருந்தாலாவது அம்மா கொஞ்சம் ஆறியிருப்பார்கள்.

அதன் பிறகு எல்லாமே சந்தேகமாகப் பட்டது. தினமும் துவைத்த கைக்குட்டை கேட்கிறார்களே, ஏன்? சீக்கிரம் கிளம்புகிறார்களே, ஏன்? ரயில் பாஸை எடுத்துப் பார்த்தால், மஸ்ஜிதுக்குச் செம்பூரிலிருந்து எடுக்க வேண்டியதை வாஷியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். "அம்மா, இதுல ஏதோ லஃப்டா இருக்கு" என்று தம்பி வேறு எண்ணெய் ஊற்றினான். வாஷியில் எல்லாம் லிஃப்ட் வைத்த கட்டடம், தனித்தனி அறை வைத்த வீடு என்று அம்மா கேள்விப்பட்டிருந்தார்கள். அப்படி ஒரு வீட்டில் அப்பாவுக்கு யாரோ கதவைத் திறந்துவிடுகிறார்கள் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

குடும்ப ஜெபத்தின் போக்கும் மாறியது. "ஆண்டவரே, இந்த வீட்டுல மறைஞ்சு கெடக்குற காரியத்தையெல்லாம் வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும்" என்று அம்மா குரலைத் தூக்குவார்கள். வீட்டிலேயே சத்தமான ஆமென் அப்பாவுடையது. தப்புச் செய்கிறவர் இவ்வளவு தைரியமாக ஆமென் சொல்வாரா என்று எனக்குச் சந்தேகம். இவ்வளவு தைரியமாகச் சொல்வதே சரியில்லையே என்று அம்மாவுக்குச் சந்தேகம்.

ஆனால் அது சிரிக்கிற விஷயமாக இல்லை. அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் குழாயடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "அப்படி மட்டும் இருந்துச்சுன்னா, ஒன்னயும் தம்பியையும் கூட்டிகிட்டு ஊருக்குப் போயிருவேன்" என்றார்கள். நான் பயந்துபோனேன். அம்மா சொன்னால் செய்கிறவர்கள்.

"பின்னாலயே போய்ப் பாத்துருவோம்மா" என்றேன். இதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. சந்தேகம் வந்தால் போய்ப் பார்த்துவிட வேண்டும், இல்லையென்றால் அது ஆளைத் தின்றுவிடும்.

மறுநாள் அப்பா கிளம்பிய சற்று நேரத்தில் நாங்களும் கிளம்பினோம். அத்தை சொன்னது சரிதான். அப்பா வாஷி வண்டியில் ஏறினார்கள். நாங்கள் ஒட்டியிருந்த பெண்கள் பெட்டியில் ஏறி, நடுவில் இருக்கும் கம்பி வலை வழியாகப் பார்த்துக்கொண்டே போனோம். அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். பாலத்தைத் தாண்டும்போது என் கையை அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

வாஷியில் எல்லாரும் இறங்கினார்கள். "எறங்கு, எறங்கு, கூட்டத்துல விட்டுருவோம்" என்று அம்மா என்னை இழுத்தார்கள்.

"அம்மா, அப்பா எறங்கல."

பெட்டியே காலி. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளினார்கள். டிபன் பையை மடியில் வைத்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கண்ணை மூடினார்கள். அந்த வண்டி அங்கிருந்தே திரும்பி மஸ்ஜித் பக்கம் போகிற வண்டி. உட்கார இடம் வேண்டுமென்று இப்படி உல்டாவாக, எதிர்த்திசையில் போய் வருகிற ஆட்கள் பம்பாயில் நிறைய உண்டு. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

"தூங்குதாவளா?" என்று அம்மா கேட்டார்கள்.

"தூங்குனா தல சாயும்லா."

தலை சாயவில்லை. அம்மா வலையில் நெற்றியை வைத்துப் பார்த்தார்கள். "ஜெபம்லா பண்ணுதாவ" என்றார்கள், நம்ப முடியாமல். மான்குர்டில் கூட்டம் ஏறியது, கோவண்டியில் ஆட்கள் மேலேயே சாய்ந்தார்கள், அப்பா கண்ணைத் திறக்கவில்லை. செம்பூர் வந்ததும் திறந்தார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து, பக்கத்தில் நின்ற ஒரு ஆளுக்கு இடத்தைக் கொடுத்துவிட்டு, மேலே பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அம்மாவுக்கு மறுபடியும் சந்தேகம் வந்துவிட்டது. "எந்திரிச்சிட்டாவளே! சீட்டுக்காக அவ்வளவு தூரம் போயிட்டு, நின்னுகிட்டு போறதுக்கா?"

செம்பூரில் எங்களால் இறங்க முடியவில்லை. ஏறுகிற கூட்டம் எங்களை உள்ளே தள்ளிவிட்டது. அதனால் குர்லாவரை அப்பாவைப் பார்க்க முடிந்தது. நின்றபடி அவர்கள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. "இப்ப யாருகூடப் பேசுதாவ?" என்று அம்மா எட்டி எட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த யாரும் அப்பா முகத்தைப் பார்க்கக்கூட இல்லை. "பாட்டு முணுமுணுக்காவ போல" என்று அம்மாவே முடிவு செய்துகொண்டார்கள்.

குர்லா பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அம்மா கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "வாஷில வீடு வச்சிருக்காவன்னு நெனச்சேன். வச்சுதான் இருக்காவ, ஜெபவீடு" என்றார்கள்.

அப்பாவிடம் இதை நாங்கள் சொல்லவே இல்லை. மறுநாளிலிருந்து அப்பாவின் டிபன் சீக்கிரமே தயாராகிவிடும். "என்ன, என்னைய வெரட்டப் பாக்கியா?" என்று இப்போது அப்பா சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். "வண்டிய விட்டுராதிய" என்பார்கள் அம்மா. ஆனால் அம்மாவின் மனம் சும்மா இருக்குமா? அவ்வளவு நேரம் ஆண்டவரிடம் என்ன சொல்கிறார்கள், தன்னைப் பற்றிக் குறை சொல்கிறார்களோ என்று அது ஒரு புதுக் கவலை. அந்தக் கவலை அப்பாவின் கடைசி நாட்கள்வரை அம்மாவோடு இருந்தது.

சிறுநீரகம் பழுதாகி அப்பா செம்பூரில் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். வார்டுக் காலையும் எங்கள் வீட்டுக் காலை மாதிரிதான், துடைப்பமும் டீயும் ஊசியுமாக. அதைப் பார்த்துத்தானோ என்னவோ, அப்பா தானாகவே பேச்சை எடுத்தார்கள்.

"நான் வாஷிக்குப் போயி ஜெபிச்சிட்டு ஆபீசுக்குப் போவேன், ஒனக்குத் தெரியுமா?"

"எனக்கு யாரு சொன்னா?" என்றார்கள் அம்மா, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

"வீட்டுல கண்ண மூடுனா, வேலைக்கு ஒளியுதேன்னு நீ நெனப்பல்லா."

"நெனச்சிருப்பேன்." பிறகு, இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்ததை அம்மா கேட்டேவிட்டார்கள். "எனக்காக ஜெபிச்சியளா?"

"உக்காந்திருக்கும்போது இல்ல."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. அப்பா மெதுவாகச் சொன்னார்கள்: "பிள்ளைகளுக்கு, ஊருக்கு, ஆபீஸ் ஆளுகளுக்கு, சபைக்கு, எல்லாருக்கும் சொல்லி முடிக்கதுக்கும் செம்பூர் வாறதுக்கும் சரியா இருக்கும். ஒனக்கு நின்னுகிட்டுதான். செம்பூர்லேருந்து மஸ்ஜித் வரைக்கும் ஒனக்குத்தான்."

"எனக்கு மட்டும் என்னத்துக்கு நின்னுகிட்டு?"

"காலையில நீ உக்காந்து நான் பாத்ததே இல்லையே. நீ அங்க நிக்கும்போது, ஒனக்காக உக்காந்து ஜெபிக்க மனசு வரல."

அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார்கள். "அன்னைக்கு அது பாட்டு இல்ல, புள்ள" என்றார்கள். நாங்கள் பார்த்தது அப்பாவுக்குத் தெரியாது, அதனால் அதற்கேற்ப ஜோடித்துச் சொல்லியிருக்க வழியில்லை. என் வேலையில் இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

அதற்குப் பிறகு அப்பா அதிக நாள் இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், தாராவியிலிருந்தும் விக்ரோலியிலிருந்தும் மழையில் வந்து அடக்க ஆராதனையில் நின்ற சபை மக்களுக்கும், ஊரிலிருந்து ரயிலேறி வந்த சொந்தங்களுக்கும், அப்பாவைத் தோளில் சுமந்த தம்பியின் நண்பர்களுக்கும் நன்றி. அன்றைக்கு 'இன்னைக்கும்' என்று சொன்ன பக்கத்து அறை அத்தைக்கும் நன்றி. செம்பூரில் அப்பா எழுந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்து போன, பெயர் தெரியாத அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

போதகர் ஐயா மன்னிக்க வேண்டும். அவர்கள் சொல்லித் தந்த வரியை அப்படியே போட என்னால் முடியவில்லை. அப்பா முழங்காலில் நின்றதை நான் பார்க்கவில்லை. நின்றதைப் பார்த்தேன். அம்மாவுக்காக, செம்பூரிலிருந்து மஸ்ஜித் வரை நின்றார்கள்.