மூன்றாவது டையோடு

மகளின் கல்யாண வரவேற்புக்கு மேடை அலங்காரம் வேண்டாம் என்று அலங்காரக்காரரிடம் சொல்லி அனுப்பியவன் நான்தான். மேடைக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் துணி போதும், அதில் லேசர் வெளிச்சத்தால் பூ விரிய வைக்கிறேன் என்று வாய் நிறையச் சொல்லிவிட்டேன். யோசனை என்னவோ மகளுடையது. சிங்கப்பூரில், பிடோக்கில் உள்ள எங்கள் வீட்டு ஹால் சுவரில் நான் விளையாட்டாகச் செய்து காட்டியதைப் பார்த்து, "பூவெல்லாம் மறுநாள் வாடிடும்ப்பா, இத வெச்சுடுங்க" என்றாள். மகள் கேட்டால் எந்த அப்பன் முடியாது என்பான்?

செய்முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பழைய கணினியிலிருந்து கழற்றிய இரண்டு சின்ன விசிறிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் லேசாகச் சாய்த்து ஒட்டிய வட்டக் கண்ணாடி. லேசர் கதிர் ஒரு கண்ணாடியில் பட்டு அடுத்ததற்குத் தாவி, சுவரில் வட்டத்துக்குள் வட்டமாகச் சுழலும். விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் இதழ் இதழாகப் பிரியும். வீட்டுச் சுவருக்குச் சின்ன லேசர் போதும். கல்யாண மண்டபத்துக்குப் பலமான பச்சை லேசர் வேண்டும். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

லேசர் டையோடு என்பது பட்டாணிக்குக் கொஞ்சம் சின்னது. அதற்கு மின்சாரத்தை அளந்து ஊட்டும் குட்டிப் பலகைக்கு டிரைவர் என்று பேர். அளவு கண்ணிமைக்கும் நேரம் கூடினாலும் டையோடு போய்விடும். போகும்போது புகையாது, வெடிக்காது. பச்சையாக ஒளிர்ந்துகொண்டேதான் இருக்கும், மங்கலாக, டார்ச் லைட் மாதிரி. கதிர் மட்டும் இருக்காது. முகத்தில் சிரிப்போடு வேலையை விட்டு நின்றுகொண்ட ஆள் மாதிரி அது நம்மைப் பார்க்கும்.

நான் லிஃப்ட் பராமரிக்கும் தொழிலில் இருபது வருஷத்துக்கு மேல் இருப்பவன். எலெக்ட்ரானிக்ஸ் யாரிடமும் முறையாகப் படித்ததில்லை. பார்த்தும் கேட்டும் சுட்டுக்கொண்டும் கற்றதுதான். முதல் டிரைவரை நானே செய்தேன். டையோடை இணைத்தேன், டார்ச் லைட் ஆனது. கூட வேலை பார்க்கும் நண்பர், கடையில் பரோட்டா கிடைக்கும்போது யாராவது வீட்டில் மாவு பிசைவார்களா என்று கேட்டார். அதுவும் சரிதான் என்று இணையத்தில் ஒரு டிரைவர் வாங்கினேன். கட்டைவிரல் நகத்தளவு பலகை, ஈயம் வைத்த இடமெல்லாம் பனித்துளி மாதிரி அத்தனை அழகு. இரண்டாவது டையோடை இணைத்தேன். அதுவும் டார்ச் லைட்.

என் மனைவி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள்: "மேடையில வெள்ளைத் துணியத் தொங்கவிட்டு நாம என்ன சினிமாவா காட்டப் போறோம்?"

லிட்டில் இந்தியாவில் கல்யாணச் சாமான் வாங்கப் போனவன், அப்படியே நடந்து ஜாலான் புசார் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிச் சாமான் கடைகள் உள்ள கட்டடத்துக்குப் போனேன். நான் வழக்கமாக வாங்கும் கடையின் சீனப் பெரியவர், என் முகத்தைப் பார்த்ததும், நீ இதை வாங்கித் தின்கிறாயா என்று மலாய் மொழியில் கேட்டார். இழுப்பறையில் அந்த வகையில் ஒன்றே ஒன்று இருந்தது. அடுத்தது வர ஒரு மாதம் ஆகும் என்றார். கல்யாணத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. அலங்காரக்காரர் அந்தத் தேதியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். மூன்றாவது டையோடைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போனபிறகும் உறையைப் பிரிக்கத் தைரியம் வரவில்லை.

எங்கள் அடுக்குமாடி புளோக்குக் கீழே ஞாயிறு காலையில் ஒரு குழு உட்காரும். அக்கம்பக்கத்தார் கெட்டுப்போன விசிறி, சோற்றுப்பானை எல்லாம் கொண்டுவருவார்கள். தொழில் தெரிந்தவர்கள் சும்மாவே பார்த்துக் கொடுப்பார்கள். அதில் ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் முஸ்லிம் குடும்பம். ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சோதனையில் தோற்ற மின்பலகைகள் எல்லாம் கடைசியாக இவர் மேசைக்குத்தான் வரும். முக்காட்டுக்கு மேலே பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டிருப்பார். அவரிடம் எனக்குப் பிடித்த விஷயம், பலகைகளைப் பற்றி மரியாதை கொடுத்துத்தான் பேசுவார். "இவங்களுக்கு எங்க வலிக்குதுன்னு பாப்போம்" என்பார். ஒரு சோற்றுப்பானையைக்கூட அது என்று சொல்லிக் கேட்டதில்லை.

அவர் முன்னால் என் டிரைவர், வாங்கிய டிரைவர், செத்த டையோடு இரண்டு எல்லாவற்றையும் பரப்பிவிட்டு, கதையைச் சொல்லி, சொந்தமாகச் செய்வது நல்லதா, வாங்குவது நல்லதா என்று கேட்டேன். அவர் பலகைகளைத் தொடவே இல்லை. காப்பிக்கடையில் கொடுக்கும் மரச் சாப்ஸ்டிக் குச்சி ஒன்றை என் கையில் கொடுத்தார்.

"இவங்கதான் டையோடுன்னு வெச்சுக்குங்கண்ணே. அன்னிக்கு எப்டி மாட்டுனீங்களோ, அப்டியே செஞ்சு காட்டுங்க."

கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இருந்தாலும் செய்தேன். டிரைவருக்கு மின்சாரம் கொடுத்தேன். மீட்டரை வைத்து, வெளியே வோல்ட்டேஜ் வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. ஒழுங்காகச் சுவிட்சை அணைத்தேன். சாப்ஸ்டிக்கை எடுத்து இரண்டு வயருக்கும் நடுவே கொண்டுபோனேன்.

"நில்லுங்க" என்றார். "சுவிட்ச ஆஃப் பண்ணிட்டீங்க, சரி. உள்ள உக்காந்திருக்காங்களே, அவங்கள யாரு ஆஃப் பண்றது?"

அவர் விரல் போன இடத்தில் மிளகளவு கப்பாசிட்டர் ஒன்று இருந்தது. மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைத்துக்கொள்ளும் சாமான் அது. டையோடு இல்லாமல் நான் மின்சாரம் கொடுத்துச் சோதித்தபோது அது வயிறு முட்டக் குடித்துக்கொண்டது. அணைத்த பிறகும் வைத்துக்கொண்டிருந்தது. டையோடை மாட்டிய கணத்தில் அத்தனையையும் அதன் தலையில் கொட்டிவிட்டது. நான் செய்த பலகையிலும் அதே சாமான், வாங்கிய பலகையிலும் அதே சாமான்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஏனென்றால் லிஃப்ட் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இதே கப்பாசிட்டர் டின்பால் டப்பா அளவில் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் பத்து நிமிஷம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் கை வைப்போம். புதிதாக வரும் ஆட்களுக்கு நான்தான் முதல் நாளே தொண்டை வறளச் சொல்வேன். பெரியதற்குக் காட்டிய பயத்தைச் சின்னதற்குக் காட்டத் தோன்றவில்லை. நான் செய்ததும் சரி, வாங்கியதும் சரி, இரண்டையும் கெட்ட சாமான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "போர்டப் பாத்திருந்தா நானும் ஏமாந்திருப்பேண்ணே. ரெண்டு போர்டுமே ஒரே மாதிரி கொல்றாங்கன்னா நடுவுல பொதுவா இருக்கறது உங்க கைதானே. அதத்தான் பாத்தேன்" என்றார். குறையைச் சொல்லும்போது குரலில் ஒரு துளி ஏளனம் இல்லை. காய்ச்சல் எத்தனை என்று சொல்வது போலச் சொன்னார்.

அதோடு விட்டிருந்தால்கூட நான் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பேன். அவர் விடவில்லை. கை திருந்தினால் போதாது, பலகைகளையும் பார்க்க வேண்டும் என்று இரண்டையும் ஒரு வாரம் வீட்டுக்குக் கொண்டுபோனார். லேசருக்குப் பதிலாகச் சாதாரண டையோடு ஆறேழை வரிசையாகக் கட்டி, கூடவே ஒரு ஓம் மின்தடை கொண்ட ரெசிஸ்டர் ஒன்றை மாட்டி, வேலைக்குப் போய்வந்து தினமும் ஓட்டிப் பார்த்தார். செத்தாலும் நமக்கு நஷ்டமில்லாத பதிலாள் மாதிரி அந்த வரிசை. ரெசிஸ்டரில் மீட்டரை வைத்தால் எவ்வளவு மின்சாரம் போகிறது என்பது நேராகத் தெரிந்துவிடும்.

அடுத்த ஞாயிறு தீர்ப்பு வந்தது. வாங்கிய பலகை நாள் முழுக்க ஆடாமல் நிற்கும், ஆனால் சுவிட்சைப் போடும் கணத்தில் மட்டும் ஒரு துள்ளு துள்ளும். நான் செய்தது துள்ளாது. ஆனால் சாப்ஸ்டிக்கால் ஓரிடத்தில் மெல்லத் தட்டினால் மீட்டர் எகிறியது. நான் வைத்த ஈயம் ஓரிடத்தில் சரியாகப் பிடிக்கவில்லை. "இங்கதான் இவங்களுக்கு வலி" என்று காட்டி, ஈயத்தை உருக்கி எடுத்துப் புதிதாக வைத்தார். மூன்று விநாடிகூட ஆகியிருக்காது. அந்தக் கை எப்படிப் போய் எப்படி வந்தது என்று இன்னொரு முறை பார்க்க வேண்டும் போல இருந்தது. சூடு தாங்கப் பெரிய அலுமினியத் தகட்டையும் வைக்கச் சொன்னார். பிறகு எங்கே தட்டினாலும் மீட்டர் அசையவில்லை.

இப்போது எதை நம்புவது என்று கேட்டேன். மகள் கல்யாணம், கடைசி டையோடு. அவர் தொழிற்சாலையில் பெரும்பாலும் வாங்கித்தான் மாட்டுகிறார்களாம், ஆனால் வாங்கிய எதையும் சோதிக்காமல் மாட்டுவதில்லையாம். "வாங்கினா கௌரவக் குறைச்சலும் இல்ல, செஞ்சா பெருமையும் இல்ல லா. ரெண்டு பேர்ல யாரோட வியாதி உங்களுக்கு முழுசாத் தெரியுமோ, அவங்களக் கூட்டிட்டுப் போங்க."

நான் செய்ததைத்தான் எடுத்தேன். அதன் வியாதி எனக்குத் தெரியும், வைத்தியமும் கண் முன்னால் நடந்தது. மண்டபத்தில் ஏதாவது ஆனாலும் திறந்து பார்க்க முடியும். உறையைப் பிரித்து, முதலில் டிரைவரின் இரண்டு வயரையும் ஒன்றோடொன்று தொட வைத்து உள்ளே இருப்பதை வடித்தேன். டையோடை மாட்டினேன். அவர் பிஸ்மில்லா என்றார், நான் முருகா என்றேன். சுவிட்சைப் போட்டதும் எதிர்த் தூணில் பச்சைப் புள்ளி ஊசி குத்தினது போல வந்து நின்றது. சோற்றுப்பானையோடு வரிசையில் நின்ற ஒரு அம்மா எதற்கென்று தெரியாமலே கை தட்டினார்.

சனிக்கிழமை மண்டபத்தில் கதிர் யார் கண்ணிலும் படாதபடி உயரத்தில் பெட்டியை வைத்து, சுற்றிலும் கறுப்பு அட்டையால் மறைத்தேன். விளக்குகளைக் குறைத்ததும் வெள்ளைத் துணியில் பூ விரிந்தது. விரிந்தது, சுருங்கியது, வேறொரு பூவாக விரிந்தது. மகள் திரும்பிப் பார்த்தவள், புகைப்படக்காரர் கூப்பிடக் கூப்பிடத் திரும்பவே இல்லை. நான் மட்டும் பூவைப் பார்க்காமல், ஏணியில் நின்று அலுமினியத் தகட்டைத் தொட்டுத் தொட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தேன். மேடையிலிருந்து மனைவி இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டாள், குடும்பப் படத்துக்கு நான் மட்டும்தான் பாக்கி என்று. என்னால் கையை எடுக்க முடியவில்லை.

விருந்துக்கு வந்திருந்த அவர் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஏணிக்குக் கீழே வந்து நின்றார். பட்டில் பாஜு கூரோங் என்னும் மலாய் உடை, வளையல் எல்லாம் போட்டிருந்தார்.

"எறங்குங்கண்ணே. இவங்களுக்குக் காய்ச்சல் வருதான்னு நான் பாத்துக்கறேன். நீங்க போயி பொண்ணு பக்கத்துல நில்லுங்க."

நான் இறங்கினேன். வளையல்களை முழங்கைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டு அவர் ஏறினார். அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. எல்லோர் தலைக்கும் மேலே பச்சைப் பூ முழுசாக விரிந்து நிற்கிறது. மகளைத் தவிர எல்லோரும் கேமராவைப் பார்க்கிறோம். அவள் மட்டும் ஏணி இருந்த பக்கம் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருக்கிறாள்.