கனமான பஃபர்

கல்யாணமாகி ஆறு வருடங்களில் கணவர் ஒருமுறைகூட என்னோடு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வந்ததில்லை. நான் சென்னைக்காரி, எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பத்தொன்பது வயதில் போரிலிருந்து தப்பி இந்தக் குளிர்நாட்டுக்கு வந்தவர். வீட்டில் நாங்கள் அந்தப் பேச்சே எடுப்பதில்லை.

என்னிடம் இருந்த ரகத் துப்பாக்கிகளுக்கு இங்கே தடை வருவதற்கு முந்தைய குளிர்காலம். என் ரைஃபிள் தோளில் பலமாக உதைத்துக்கொண்டிருந்தது. தோளில் பதியும் அதன் கட்டைக்குள், சுருள்வில்லின் முனையில், பஃபர் என்று ஒரு சின்ன எடை இருக்கும். சுட்டதும் பின்னால் பாய்ந்து காலித் தோட்டாவை வெளியே எறியும் போல்ட் என்ற இரும்புத் துண்டைத் தாங்குவது அதுதான். எடை கூடினால் உதை குறையும் என்று படித்துவிட்டு, கடையில் இருந்ததிலேயே கனமானதை வாங்கி மாட்டினேன்.

அந்த ஞாயிறு என் கார் கிளம்பவில்லை. ரேஞ்சுக்கு, அஜின்கோர்ட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து விட்பி ஊரையும் தாண்டிப் போகவேண்டும். "நான் கொண்டுபோய் விடுறன்" என்றார். காரிலேயே இருப்பார் என்று நினைத்தேன். ஏனோ இறங்கி வந்து, காதுமூடி போட்டுக்கொண்டு என் பின்னால் நின்றார்.

மூன்று குண்டுகள் மெத்தென்று போயின. நான்காவதோடு துப்பாக்கி நின்றுவிட்டது. போல்ட் முழுதாகப் பின்வாங்காமல், காலித் தோட்டா வெளியேறும் வாசலிலேயே சிக்கியிருந்தது.

"என்னங்க, சிக்கிக்கிச்சு, பாருங்க" என்று கையில் ரைஃபிளோடு திரும்பினேன்.

"திரும்பாதையும்!"

அப்படி அவர் கத்தி நான் கேட்டதேயில்லை. மறுகணம் பனியில் குப்புறக் கிடந்தார். ரேஞ்ச் அதிகாரி ஓடிவந்து குழலைக் கீழே அழுத்தினார். எல்லோரும் சுடுவதை நிறுத்தினார்கள். போல்ட்டை இழுத்ததும், காலித் தோட்டாவுக்குப் பின்னாலிருந்து இன்னும் வெடிக்காத தோட்டா ஒன்று விழுந்தது. அன்று மறுபடி சுட என்னை விடவில்லை. கணவர் எழுந்து என்னருகே வந்தார்.

"உள்ளுக்கை ஒண்டு கிடந்தது, கண்டனீரோ?"

"ம்."

"பிறகேன் திரும்பினீர்?"

நான் ரைஃபிளைப் பையில் வைத்து மூடினேன். அவர் குனிந்து தரையைப் பார்த்தார். "வெறுங்கூடுகள் உம்மட காலடியிலையே விழுந்து கிடக்கு. உள்ளுக்கை பாரம் கூடிப்போச்சு, தள்ளி எறியப் பலம் காணாது. நடுத்தரமா ஒண்டைப் போடும்."

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

நடுத்தர எடையை மாட்டினேன். இரண்டு வாரம் கழித்து, என் கார் சரியாகிவிட்டிருந்தும், அவரே ஓட்டி வந்தார். பத்துக் குண்டுகள், உதை இருந்தது, தாங்க முடிந்தது. கூடுகள் வலப்பக்கமாகத் தள்ளிப்போய் விழுந்தன. துப்பாக்கியைக் காலிசெய்து மேசையில் வைத்து, அவர் பார்க்க இரண்டு கைகளையும் தூக்கினேன்.

"ஓம், சரி" என்றார். முகம் வெளுத்திருந்தது. "இனிப் போவமோ?"